செதிலின் மேல் வைத்த பஞ்சு

அஞ்சலைக்கு இல்லாத நோயை இருப்பதாகப் பள்ளிக்கூட வாசலில் ஊர் கேட்கச் சொன்னவன் நான். மறுநாள் எங்கள் பிரிவு டாக்டர் அதைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்விக்குப் பொய் சொன்னவனும் நான்தான். முதலாவது அவசரத்தில் நடந்தது. இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் தொழுநோய்ப் பிரிவில் கள ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு திண்டிவனத்தில். இப்போது அந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் வந்திருந்தார்கள். "இப்பல்லாம் படை இருந்தா செல்லுல போட்டோ எடுத்து குரூப்புல போட்டுடறோம் சார். டாக்டர் பாத்துச் சொல்லிடறாங்க. உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன், நம்ம துறை மலர்ல போடறோம்" என்றார்கள். பெருமைப்படும்படி ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான்.

தாவரவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தபோது இந்தப் பணிக்கு எடுத்தார்கள். பயிற்சியில் சொல்லித் தந்ததன் சாரம் சிறியது: தோலில் படை இருக்கிறதா, அந்தப் படையில் தொடு உணர்ச்சி இருக்கிறதா, முழங்கையிலும் முழங்காலிலும் நரம்பு தடித்திருக்கிறதா. மற்ற தோல் நோய்களுக்கு ஒரு மதியம் ஒதுக்கியிருந்தார்கள். சொரியாசிஸ் அந்த மதியத்தில் வந்து போனது.

உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் விழுப்புரத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் வசந்தா. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் அறையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவர் நோயாளியைப் பார்க்கும் முறை இது. கதவைச் சாத்துவார். ஜன்னலோரம், பகல் வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பார். முதலில் வந்தவரின் இரண்டு கைகளையும் தன் கைகளில் எடுத்துக்கொண்டு ஊரைப் பற்றி, பயிரைப் பற்றிக் கேட்பார். பார்ப்பவர்களுக்கு அது உபசாரம் போலத் தெரியும். அதற்குள் அந்தக் கைகளின் சூடு, வறட்சி, விரல்களின் பலம் எல்லாவற்றையும் அவர் தெரிந்துகொண்டிருப்பார். பிறகு பஞ்சைத் திரியாக முறுக்கி நல்ல தோலில் தொட்டுக் காட்டுவார். "இப்படித்தான் தொடுவேன். தொட்ட எடத்த ஒரு விரலால காட்டணும், சரியா?" அதன் பிறகுதான் கண்ணை மூடச் சொல்வார்.

படையின் மேல் செதில் இருந்தால் அவர் பஞ்சை எடுப்பதே இல்லை. ஆய்வகக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் மெல்லச் சுரண்டுவார். மெழுகுவத்தியை நகத்தால் கீறினால் உதிர்வது போல வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தால், இன்னும் கொஞ்சம் சுரண்டி அடியில் ஊசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் வருகின்றனவா என்று பார்ப்பார். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், இடுப்பில் பார்ப்பார். நகத்தைத் திருப்பி, தையற்காரர் விரலில் மாட்டும் உறையில் இருப்பது போலக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். "இது சொரியாசிஸ். ஒட்டாது. தோல் அவசரப்பட்டு வளருது, அவ்வளவுதான்" என்று நோயாளியிடமே சொல்வார். சந்தேகம் தீராவிட்டால் எண்ணெய் தடவி ஊறவிட்டு, செதிலை முழுக்க எடுத்துவிட்டு, அதன் பிறகே பஞ்சால் தொடுவார். "செதில் செத்த தோல். அது மேல தொட்டா யாருக்குமே தெரியாது. உங்க குதிகால்ல தொட்டுப் பாருங்க" என்று எங்களிடம் சொல்வார்.

இதை நான் பலமுறை கேட்டிருந்தேன். அதனால்தான் நான் செய்தது தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அஞ்சலை விஷயத்துக்குச் சில மாதங்கள் முன்பு, வானூர் பக்கம் ஒரு கொத்தனாரின் முதுகில் இருந்த படையைத் தேமல் என்று விட்டுவிட்டேன். அவருடைய விரல்கள் மடங்கிய பிறகு அது தொழுநோய் என்று தெரிந்தது. டாக்டர் அன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு படையும் என்னை மாட்டிவிடப் பார்ப்பது போலவே எனக்குத் தோன்றியது.

அந்த மனநிலையில்தான் கிளியனூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனேன். அந்தச் சாலையில் எனக்குப் பெயரே 'குஷ்டரோக சார்'தான். என் வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றாலே அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். மதிய உணவு நேரம். சத்துணவுக் கூடத்தின் முன்னால் பெற்றோர்கள் சிலர் கூடி நின்றார்கள். சமையலர் அஞ்சலை கதவருகே கரண்டியோடு நின்றிருந்தார். பிள்ளைகள் தட்டோடு வெயிலில் நின்றார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். ஜல்தியா ஒரு முடிவு சொல்லுங்க. புள்ளைங்க பசியோட நிக்குதுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"அந்தம்மா சொறிஞ்சா மாவு மாவா கொட்டுது சார். அந்தக் கையாலதான சோறு போடுது?" என்றார் ஒரு தகப்பன்.

அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னார்: "கைய கழுவிக்கினுதான் சார் போடறேன். எனக்கு இது கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து இருக்குது. பனிக் காலத்துல ஜாஸ்தியாவும், வெயில் வந்தா அடங்கிடும். தலையிலயும் இருக்குது. யாருக்கும் ஒட்டினதில்ல, என் புள்ளைக்குக்கூட."

நோய் என்ன என்பதை அவரே சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய இரண்டு முழங்கைகளிலும் வெள்ளி நிறச் செதில் தடிப்பாகப் படிந்திருந்தது. உள்ளே அழைத்துப் போயிருக்க வேண்டும். கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே பையிலிருந்து பஞ்சை எடுத்தேன்.

"கண்ண மூடுங்க. தொட்ட எடத்தக் காட்டுங்க."

செதிலின் மேல் தொட்டேன். அவர் காட்டவில்லை. மறு கையில் தொட்டேன். காட்டவில்லை.

"தொட்டீங்களா சார்? கொஞ்சம் அழுத்தித் தொடுங்க. ஒண்ணும் தெரியலையே."

அந்த வார்த்தையை நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உணர்ச்சி இல்ல" என்றேன். "டாக்டர் பாக்கற வரைக்கும் இவங்க சமையல்ல இருக்க வேணாம்."

"பெருவியாதியா சார்?" என்றார் அந்தத் தகப்பன்.

"அந்த மாதிரிதான் தெரியுது."

இதை இன்னொரு விதத்திலும் சொல்லியாக வேண்டும். அது தொழுநோயாகவே இருந்திருந்தாலும் அவரைச் சமையலிலிருந்து விலக்கச் சொல்ல எனக்கு எந்த நியாயமும் கிடையாது. மாத்திரை தொடங்கிவிட்டால் அது யாருக்கும் பரவாது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவனே நான்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்றபோது நானும் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன்.

அன்று சமைத்த சாதத்தை யாரும் தொடவில்லை. அஞ்சலை கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விழுப்புரத்தில் டாக்டரிடம் விவரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செதில எடுத்துட்டுத் தொட்டீங்களா?" என்றார்.

அந்த நொடியில் நான் செய்தது எனக்கு முழுசாக விளங்கிவிட்டது. இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்கே வந்திருப்பார். மாலைக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். கொத்தனார் முகம் நினைவுக்கு வந்தது. "எடுத்துட்டுதான் தொட்டேன் மேடம்" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். என்னை நம்பினார்.

திங்கட்கிழமை அஞ்சலை வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கட்டட வேலைக்குப் போகும் அவர் கணவர் வாசலிலேயே மறித்தார். "வண்டிய அந்தாண்ட நிறுத்திட்டு வா சார். ஊரே பாத்துக்கினு இருக்குது. உங்க ஆஸ்பத்திரிக்கு அது வராது. வந்தா நீ சொன்னது நெசம்னு ஆயிடும்." அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. வண்டியைத் திருப்பினேன்.

சில வாரங்கள் கழித்து அஞ்சலையே திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். செதில் இருந்த இடத்தில் லேசான நிற மாற்றம்தான் இருந்தது.

"இப்பப் பாருங்க சார். ஒண்ணுமில்ல. வேலைக்கு வரலாம்னு எழுதிக் குடுங்க. உங்க சீட்டு இல்லாம சேத்துக்க மாட்டேன்னு டீச்சர் சொல்றாங்க."

"இது எப்படிப் போச்சு?"

"இங்க திண்டிவனத்துலதான் ஒருத்தர் ஊசி போடறாரு. போட்டா ரெண்டு நாள்ல உதிர்ந்துடுது. இப்பதான் போயிடுச்சே, இனிமே வேணாம்னு நிறுத்திட்டேன்."

என்ன ஊசி என்று ஊகிக்க எனக்குப் படிப்பு போதும். சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு அடக்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அது பல மடங்காகத் திரும்பும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அப்போதே அஞ்சலையைப் பஸ்ஸில் ஏற்றி விழுப்புரம் கூட்டிப் போயிருக்க வேண்டும். கூட்டிப் போனால் டாக்டர் அந்த முழங்கையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், என் பொய் வெளியே வரும். "சீட்டு குடுக்கற அதிகாரம் எனக்கு இல்லம்மா. டாக்டரப் போய்ப் பாருங்க" என்றேன்.

"வேணாம்னு சொல்றதுக்கு மட்டும் அதிகாரம் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அவர் கணவர் போன் செய்தார். குரல் வேறாக இருந்தது. "சார், ஒடம்பெல்லாம் செவந்து போச்சு சார். இந்த வெயில்ல போர்வையப் போத்திக்கினு நடுங்குது. எனக்கு வேற யாரையும் தெரியாது."

நான் போனபோது அஞ்சலை பாயில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் தோல் ஒட்டிக்கொள்கிறது என்றார். முகம் முதல் பாதம் வரை இடைவெளி இல்லாத சிவப்பு. தோல் தாள் தாளாக உரிந்து பாயில் கிடந்தது. கால்கள் வீங்கியிருந்தன. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. அவரோ குளிர்கிறது என்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்கத் தோல் இப்படித் திறந்துகொண்டால் உள்ளே இருக்கும் சூடும் நீரும் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதில் உயிரே போகலாம். ஆம்புலன்ஸ் வந்தது. விழுப்புரம் போகும் வழியில் ஒரே ஒருமுறை, "நான் செத்துட்டா, பெருவியாதில செத்தேன்னு எழுதிடாதீங்க சார்" என்றார்.

டாக்டர் வசந்தா வார்டுக்கு வந்தார். தோல் டாக்டர்களோடு பேசினார். சலைன் ஏறியது, உடம்பெங்கும் வாசலின் தடவினார்கள், போர்வைகள் வந்தன. அஞ்சலையின் கைகளைத் தன் கைகளில் எடுத்து நகங்களைத் திருப்பிப் பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நகம் முழுக்கக் குழி. எத்தன வருஷத்து சொரியாசிஸ் இது. நீங்க செதில எடுத்துட்டுத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் வர மாட்டேன். நீங்க தனியாப் போங்க" என்றார்.

மூன்றாவது நாள் நடுக்கம் நின்றது. அஞ்சலை பிழைத்துக்கொண்டார். தோல் பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. முறையான மாத்திரை தொடங்கினார்கள். இது முழுசாகப் போகும் நோயல்ல, அடக்கி வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று டாக்டர் அவருக்கே விளக்கினார்.

நான் துறைக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். கண்டித்தார்கள். அது எளிதாக முடிந்தது. பள்ளிக்குப் போனது எளிதாக இல்லை. அஞ்சலை வேலைக்குத் திரும்பும் நாளில் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தேன். அதே இடத்தில் நின்று, நான் சோதித்த முறை தவறு, இவருக்கு இருப்பது சொரியாசிஸ், தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது, இவருக்கு நான் செய்தது அநியாயம் என்று சொன்னேன்.

அன்று கேள்வி கேட்ட அதே தகப்பன் சிரித்தார். "அன்னிக்கு இருக்குதுன்ன. இன்னிக்கு இல்லன்ற. நாளைக்கு வந்து இன்னா சொல்லுவ சார்? நாங்க எத நம்பறது?"

என் வார்த்தையை நானே செல்லாததாக்கிவிட்டேன். அதை வைத்து இன்னொருவரை மீட்க முடியவில்லை.

சமைத்ததைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் தலைமை ஆசிரியை ருசி பார்க்க வேண்டும் என்பது சத்துணவில் விதி. அஞ்சலை ஒரு தட்டில் கொஞ்சம் சாதம் எடுத்து நீட்டினார்.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார் தலைமை ஆசிரியை.

"நாளைக்கும் விரதமா டீச்சர்?" என்று கேட்டார் அஞ்சலை.

யாரோ சிரித்தார்கள். நான் தட்டுக்குக் கையை நீட்டினேன். அஞ்சலை தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க வேணாம் சார். நீங்க தின்னா வித்தை காட்டற மாதிரி இருக்கும். பசிக்கிறவங்க தின்னட்டும்."

அவரே தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்க் கையை நீட்டி ஒரு கவளம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் சிலர் வரிசைக்கு வந்தார்கள். பலர் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள். அந்தப் படிப்பாண்டு முழுக்கப் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் அஞ்சலை சோறு போட்டார். பிறகு அவரே கேட்டு வானூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறிப் போனார். வேலை திரும்பக் கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

டாக்டர் வசந்தா அதன் பிறகு என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நான் கொண்டுவரும் ஒவ்வொருவரையும் மட்டும், அவர் மாற்றலாகிப் போகும்வரை, மறுபடி முதலிலிருந்து தானே சோதித்தார்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் முப்பது வயதுக்காரன். "நான் அஞ்சலை மவன் சார்" என்றான். முழங்கையிலும் காதோரத்திலும் செதில். ஒட்டாவிட்டாலும், பரம்பரையாக அம்மாவின் நோய் பிள்ளைக்கு வருவது உண்டு. ஜன்னலோரம் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி முழுசாகப் பார்த்தேன். அவனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஏற்கெனவே தோல் டாக்டரைப் பார்த்து மருந்து சாப்பிடுகிறான்.

"அப்ப எங்கிட்ட எதுக்குப்பா வந்தே?"

"அம்மா உங்களக் கூப்புட்டுக்கினு வரச் சொல்லுச்சு சார். வண்டிலதான் உக்காந்துக்கினு இருக்குது. உள்ள வராது."

வெளியே போனேன். அஞ்சலைக்கு முடி நரைத்திருந்தது. வணக்கம் சொல்லவில்லை.

"பஸ் ஸ்டாண்டாண்ட இவனோட டீ குடிக்க மாட்டேன்றானுங்க. வண்டில ஏறுறவங்ககிட்ட, 'அதுல ஏறாதீங்க'ன்னு சொல்றானுங்க. டாக்டர் சீட்டக் காட்டினா கிண்டல் பண்றானுங்க. நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா நம்பமாட்டாங்களேம்மா. அன்னிக்கே நம்பல."

"நம்பாட்டிப் போறாங்க. அன்னிக்கு அத்தினி சத்தமா சொன்னீங்கல்ல, அதே சத்தத்துல சொல்லுங்க. ஏறுங்க."

ஏறினேன். ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. டீக்கடை வாசலில் டிரைவர்கள் இருந்தார்கள். நோய் என்ன என்று தொடங்காமல், நான் யார், இவன் அம்மாவுக்கு என்ன செய்தேன், அவர் எப்படிச் சாவின் விளிம்பு வரை போய் வந்தார் என்பதை முதலில் சொன்னேன். இது ஒட்டாது என்பதைக் கடைசியில் சொன்னேன். அஞ்சலை வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயதான ஒரு டிரைவர், "அப்ப அந்தக் கொத்தனாரு?" என்றார். எதையும் மறைக்கக் கூடாது என்று அதையும் சொல்லியிருந்தேன்.

"அவருக்கு விரல் நிமிரல. அதுவும் என் தப்புதான்."

"நல்ல ஆளு சார் நீ" என்று தலையை ஆட்டினார். பாராட்டவில்லை என்பது தெரிந்தது. பிறகு அஞ்சலையின் மகன் பக்கம் திரும்பினார். "டேய், இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற? உன் டர்ன் வந்து எவ்ளோ நேரமாச்சு? எடு வண்டிய. யம்மா, மயிலம் போறவங்கல்லாம் இதுல ஏறுங்க."

கூடையோடு நின்ற இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்கள் உட்கார இடம் விட்டு அஞ்சலை உள்ளே நகர்ந்துகொண்டார். ஒரு பெண் தயங்கியபடி என்னிடம், "நெசமாவே ஒட்டாதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு முன்னால் அஞ்சலை பதில் சொன்னார். "அவர ஏன் கேக்கற? நான் முப்பது வருஷத்துக்கு மேல இவன் அப்பனுக்குச் சோறு ஆக்கிப் போட்டவ, அவருக்கே ஒட்டல. என்னக் கேளு."